நிதானமாகத் தேடப் போன கதை

இலண்டனில் இருந்து லீவுக்கு வந்த அக்காவின் மகனுக்கு வெள்ளவத்தைக் கடற்கரையும் வேண்டாம், ரோல்ஸும் வேண்டாம், ஜியோகேஷிங் போக வேண்டுமாம். யாரோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார்கள், நாங்கள் போனோடு அலைந்து கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, பழையபடி அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டு அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே விட்டிருந்த பிழையை நிறுத்திய கையோடு ஒரேகனில் ஒருவர் வாளி ஒன்றை ஒளித்துத் தொடங்கிய விளையாட்டாம். "கொண்டுவர ஏலாத புதையலை ஏன் தேடுவான்?" என்றாள் மனைவி. பதில் இல்லை.

சரி என்று ஞாயிறு காலை கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். நான் பூச்சாடிக்கு மண் கிளறும் கரண்டியையும் பையில் வைத்திருந்தேன். "மாமா, பெட்டியைப் புதைக்கவே கூடாது, அதுதான் ரூல்" என்றான் மருமகன். அதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்.

மரங்களுக்குள் நுழைந்ததும் போனுக்கு விசர் பிடித்துவிட்டது. இலைகளிலும் கிளைகளிலும் சிக்னல் அடிபடுவதால் அம்புக்குறி ஒருதரம் தண்ணீருக்குள் போகச் சொன்னது, அடுத்ததரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பின் மேலேயே ஏறச் சொன்னது. நுளம்பு வேறு. என் மகன் மரப்பாலத்தில் ஓட, வழுக்கப்போகிறான் என்ற பயத்தில் நான் பின்னால் நின்று "நிதானம்! டேய், நிதானம்!" என்று கத்தினேன்.

அப்போதுதான் காவலாளி வந்தார். என் கையில் கரண்டி. "நிதானயக்த ஹொயன்னே?" என்று கேட்டார்.

எங்களுக்கு நிதானம் என்றால் அவசரப்படாமை, சிங்களத்தில் நிதானய என்றால் புதையல். புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களின் படம் பெக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தோடு சேர்த்து அடிக்கடி பத்திரிகையில் வரும் நாடு இது, அதுவும் நிற்பது பழைய கோட்டே இராசதானியின் மண்ணில். என் அரைகுறைச் சிங்களத்தில் "புதையல்தான், ஆனால் எடுக்க மாட்டோம்" என்று விளக்கினேன். அவருடைய முகம் இன்னும் இறுகியது.

நல்லகாலம், அந்த நேரம் பார்த்து மருமகன் வேருக்கு இடையில் இருந்து ஒரு குட்டிப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவிட்டான். உள்ளே நனைந்த தாள், ஒரு பொம்மை யானை, இரண்டு ரூபாய்க் குற்றி. காவலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அப்புறம் எங்கள் பெயர்களுக்குக் கீழே தன் பெயரையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார்.

கரண்டியை மட்டும் வாசலில் வைத்துத்தான் திருப்பித் தந்தார்.