மயக்கம் என்ற ஒரு சொல்லை உடைத்த கதை

"மருத்துவக் கஞ்சா எடுத்தது எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். "மயக்கமா இருந்துச்சு" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மயக்கம்னா எது? தலை சுத்துச்சா, கண்ணு இருட்டுச்சா, தூக்கம் சொக்குச்சா, குமட்டுச்சா, இல்ல போதையா இருந்துச்சா? ஒவ்வொண்ணுக்கும் நான் செய்ய வேண்டியது வேற வேற."

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தொடங்கிய நோட்டுப் புத்தகத்தைப் பன்னிரண்டு வாரம் எழுதினேன்.

அக்கி வந்து ஆறிய பிறகும் வலது விலா ஓரத்தில் எரிச்சல் தங்கிவிட்டது. சட்டைத் துணி உரசினாலே நெருப்பு பட்ட மாதிரி இருக்கும். நரம்பு வலிக்கான மாத்திரைகள் பாதி வலியைத்தான் குறைத்தன. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருந்ததால், டாக்டர் மருத்துவக் கஞ்சாவுக்குச் சீட்டு எழுதித் தந்திருந்தார். காய்ந்த பூ மூன்று டப்பாக்களில் வந்தது. அதை எரிக்காமல், கருவியில் சூடாக்கி ஆவியாக இழுக்க வேண்டும். ஒரு டப்பாவில் சட்டைவா, இன்னொன்றில் இண்டிகா, மூன்றாவதில் ஹைப்ரிட் என்று எழுதியிருந்தது. முதலாவது சுறுசுறுப்பு தரும், இரண்டாவது உடம்பைத் தளர்த்தித் தூங்க வைக்கும், மூன்றாவது நடுவில் நிற்கும் என்பது எல்லாரும் சொல்வது.

முதல் நான்கு வாரக் குறிப்புகளை இப்போது புரட்டினால் வருத்தமாக இருக்கிறது. "சட்டைவா: மனசு லேசு, வேலை ஓடியது." "இண்டிகா: கை கால் கனம், நல்ல தூக்கம்." நான் கேள்விப்பட்டதைத்தான் திருப்பி எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தவறு, சட்டைவாவைக் காலையிலும் இண்டிகாவை இரவிலும் எடுத்துக்கொண்டது. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வந்ததற்குப் பூவைக் காரணம் சொல்லியிருக்கிறேன்!

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து 1785-ல் லாமார்க் என்ற இன்னொரு தாவரவியலாளர் வைத்த பெயர் இண்டிகா. இரண்டும் செடிகளைப் பிரித்தறிய வைத்த பெயர்கள். ஒன்று எழுப்பும், மற்றது தூங்க வைக்கும் என்று பிரிப்பதற்காக யாரும் அவற்றை வைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்ததில் அந்தப் பழைய எல்லையும் கரைந்துவிட்டது. அமெரிக்காவில் ஏறக்குறைய 90,000 மாதிரிகளின் வேதிப்பொருள் அளவுகளை அலசி 2022-ல் வந்த ஆய்வு, மேலே ஒட்டிய பெயரும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றே காட்டியது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முறையை மாற்றினேன். தங்கை உதவிக்கு வந்தாள். டப்பாக்களின் பெயரை மறைத்து 1, 2, 3 என்று எண் போட்டாள். எது எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். எல்லாமே மாலை ஆறு மணிக்கு, ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி. முக்கியமாக, பூவின் எடையை விட்டுவிட்டு, அதில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யின் எடையைச் சமமாக்கினோம். ஆய்வுகள் ஒரே அளவுகோலில் பேச வேண்டும் என்று அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-ல் ஓர் அலகாக வைத்தது 5 மில்லிகிராம். 20 சதவீதப் பூவில் அதற்கு 25 மில்லிகிராம் போதும். ஹைப்ரிட்டில் டி.எச்.சி. 8 சதவீதம், போதை தராத இன்னொரு வேதிப்பொருளான சி.பி.டி.யும் அதே 8 சதவீதம். அதில் 62 மில்லிகிராம் வேண்டும். நான் பார்க்காதபடி தங்கையே நிறுத்து நிரப்பினாள்.

வாசனையை மட்டும் மறைக்க முடியவில்லை. 2-ஆம் டப்பா எலுமிச்சைத் தோல் போல மணத்தது. அதற்குக் காரணம் லிமோனீன் என்ற மணப்பொருள். மிளகின் காரமணத்தில் இருக்கும் கேரியோஃபிலீன், லாவெண்டரில் இருக்கும் லினலூல் எல்லாம் கஞ்சாப் பூவிலும் உண்டு. எலுமிச்சை மணம் வந்ததுமே இதுதான் சட்டைவா என்று மனம் முடிவு கட்டிவிட்டது. மூன்று மாலையும் "சுறுசுறுப்பு" என்று எழுதினேன். கடைசியில் தங்கை சொன்னாள்: "அண்ணா, அது இண்டிகா."

அதற்குப் பிறகு சுறுசுறுப்பு, நிம்மதி போன்ற சொற்களை நோட்டிலிருந்து விலக்கினேன். உடம்பு என்ன செய்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் செய்கிறது என்று மட்டும் எழுதுவது. 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண்.

சொற்களைப் பிரிப்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. அறை சுற்றினால் கிறுகிறுப்பு. அறை அசையாமல் நான் மட்டும் மிதந்தால் கிறக்கம். இமை தானாக இறங்கினால் சொருகல். விழித்திருந்தும் சொன்னது புரிய நேரமானால் மந்தம். தூங்கினால் நன்றாக இருக்கும் என்று உடம்பு கெஞ்சினால் சொக்கல். கிறக்கம் 15-ஆவது நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மந்தம் அதற்குப் பின்னால் வந்து அதிக நேரம் தங்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, நேரம் நீளுவது, வாக்கியத்தின் நடுவில் மறந்துபோவது, விலா எரிச்சல் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பத்தி.

இப்படி எழுதிய பிறகு 1-க்கும் 2-க்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 3 மட்டும் தனியாகத் தெரிந்தது. படபடப்பு 6-லிருந்து 2-க்கு இறங்கியிருந்தது, நேரம் நீளவில்லை, எரிச்சல் மற்ற இரண்டிலும் குறைந்த அளவுக்கே இதிலும் குறைந்தது. இது என் ஒருவன் உடம்பின் கணக்கு. ஆனால் டி.எச்.சி. மிகுந்தது முதல் வகை, இரண்டும் கலந்தது இரண்டாம் வகை, சி.பி.டி. மிகுந்தது மூன்றாம் வகை என்று 1970-களிலிருந்தே வழங்கிவரும் வேதிவகைப் பிரிப்போடு அது பொருந்தியது. இன்னொன்றும் கண்டேன். டப்பாவை மாற்றியதைவிட, ஒரே டப்பாவில் 5 மில்லிகிராமை 10 ஆக்கியதுதான் அனுபவத்தை அதிகம் மாற்றியது.

பத்தாவது வாரம் வாயில் விடும் கஞ்சா எண்ணெயைத் தந்தார்கள். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியாததால் இன்னொரு முறை எடுத்துவிட்டேன். செய்யவே கூடாதது அது. விழுங்கினால் பிடிக்கவே இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். கல்லீரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி.யாக மாற்றுவதால் பிடியும் பலமாக இருக்கும். மூன்றாவது மணியில் நாற்காலியிலிருந்து எழுந்தேன். கண் இருட்டியது. காது அடைத்தது. தங்கை பிடித்து உட்கார வைத்தாள். நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை. "எழுந்ததும் கண் இருட்டல்" என்று ஓரத்தில் எழுதினேன்.

டாக்டர் முதலில் படித்தது அந்த ஓரத்து வரியைத்தான். உட்கார வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது என்று எண்ணெயை நிறுத்தினார். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றின் அளவையும் குறைத்தார். 3-ஆம் டப்பா மட்டும் மாலை வேளைக்கு நின்றது, அதுவும் 5 மில்லிகிராம் டி.எச்.சி. அளவோடு. அன்று இரவு வண்டி ஓட்டக் கூடாது.

"போன தடவை மயக்கம்னு சொன்னீங்களே, அது இதுல எது?" என்று கேட்டார்.

"கிறக்கம், டாக்டர். பதினஞ்சாவது நிமிஷத்துல ஏழு."

தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.