கோ-கார்ட் நோட்டு

மார்ச் 4

மாவுக்கட்டு பிரிக்கும்வரை ஷெட் பக்கம் போகக் கூடாதாம். சரி, அக்கா பையனுக்குக் கட்டுகிற கோ-கார்ட்டின் (எஞ்சின் வைத்த சின்ன நாலுசக்கர வண்டி) வரைபடம் படுக்கைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். 13 அங்குல டயருக்காகப் போட்ட படம் இது. சமதரையில் நன்றாக ஓடும். கல்லும் குழியுமான இடத்தில் அடிப்பக்கம் இடித்தே தீரும். 18 அங்குலம்தான். இதில் பேச்சே இல்லை.

மார்ச் 5

நேற்று பேச்சே இல்லை என்று எழுதிய ஆள் இன்று முழுக்கக் கணக்குதான் போட்டார்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று. முன்னே செயின் சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) 10 பல், பின்னே 60 பல், அதாவது ஆறுக்கு ஒன்று. 13 அங்குல டயரில் மணிக்கு 37 கிலோமீட்டர் வருகிறது. அதே பல்லோடு 18 போட்டால் கிட்டத்தட்ட 52. காகிதத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இழுவை கால்பங்குக்கு மேல் போய்விடும். மேட்டில் வண்டி திணறும், கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சூடேறிக் கருகும். மண்ணில் ஓடும் வண்டிக்கு 52 எதற்கு?

பழைய இழுவை வேண்டுமென்றால் பின்னால் 83 பல் வேண்டும். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலமுள்ள செயினுக்கு அந்தச் சக்கரம் 335 மில்லிமீட்டர் விட்டம். தரைக்கும் அதற்கும் நடுவே 6 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். முதல் கல்லிலேயே செயின் போச்சு. இடிக்கக் கூடாது என்றுதானே பெரிய டயருக்கே போனேன்!

மார்ச் 6

வலி.

மார்ச் 8

ஜாக் ஷாஃப்ட். நடுவில் ஒரு தண்டு, இரண்டு செயின். எஞ்சினிலிருந்து 10க்கு 20, அங்கிருந்து ஆக்சிலுக்கு 10க்கு 42. பெருக்கினால் 8.4. வேகம் மறுபடி 37க்கு வந்துவிட்டது. 42 பல் சக்கரம் 17 சென்டிமீட்டர்தான், கீழே 14 சென்டிமீட்டர் இடைவெளி. உட்கார்ந்த இடத்திலிருந்தே விசிலடித்தேன்.

தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, தண்டை எங்க வைப்ப? சீட்டு இருக்கே” என்றான்.

மார்ச் 9

சட்டத்தை 120 மில்லிமீட்டர் நீட்டியாகிவிட்டது. காகிதத்தில் நீட்டுவது சுலபம்.

மார்ச் 11

அக்காவுக்குப் போன் செய்தேன். பையன் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு? 76 சென்டிமீட்டராம். ஹெல்மெட்டோடு அளந்து சொல் என்றேன். “டேய், முதல்ல உன் காலைப் பாரு” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 12

வண்டியை நீட்டினால் ஸ்டியரிங்கும் மாறுகிறது. திரும்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பணும். அதற்கு ஸ்பிண்டில் கை (முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பி) இரண்டையும் பின்னோக்கிக் கோடாக நீட்டினால் அவை பின் ஆக்சிலின் நடுவில் போய்ச் சேர வேண்டும். குதிரை வண்டிக்காக யோசித்த ஏற்பாடு. 1818-ல் ஆக்கர்மன் பெயரில் காப்புரிமை. யோசித்தவர் வேறொருவர், லாங்கென்ஷ்பெர்கர். பெயர் மட்டும் ஆக்கர்மனுக்கு ஒட்டிக்கொண்டது. ஆக்சில் 120 பின்னால் போனதால் அந்தச் சாய்வை அழித்து வரைந்தேன். ரப்பர் தேய்ந்துவிட்டது.

மார்ச் 12, இரவு

பிரேக்! பெரிய டயருக்குப் பிரேக் பிடிப்பும் அதே கணக்கில் குறையுமே. பின் ஆக்சில் ஒற்றைத் தண்டு என்பதால் ஒரே டிஸ்க் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும், அது சரி. ஆனால் டிஸ்க் பெரிதாகணும். தூக்கம் வரவில்லை.

மார்ச் 15

வண்டி உருண்டால் தலையைக் காக்க, தலைக்கு மேலே வளைவுக் குழாய். மூலப்படத்தில் அதுவே இல்லை, யார் வரைந்தார்களோ. வளைவு வைத்தால் பெல்ட் கட்டாயம். பெல்ட் இல்லாமல் உருண்டால், பாதி வெளியே வந்த ஆளின் மேலேயே அந்தக் குழாய் விழும். வளைவில்லாமல் பெல்ட் மட்டும் போடுவது அதைவிட மோசம். இரண்டும் சேர்ந்தே வரணும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

76 ஹெல்மெட் இல்லாமல் அளந்ததா, சேர்த்தா? அக்கா பதிலே சொல்லவில்லை.

மார்ச் 17

தம்பி பைப் கொண்டுவந்தான். ஒரு அங்குலம் கேட்டேன், அளந்தால் வெளிவிட்டம் 33 மில்லிமீட்டருக்கு மேல். பைப்புக்குச் சொல்கிற அங்குலம் வேறு, ட்யூபுக்குச் சொல்கிற அங்குலம் வேறு. போதாததற்கு நாகமுலாம் பூசியது. அதை அப்படியே வெல்டிங் செய்தால் வருகிற வெள்ளைப் புகையில் காய்ச்சல் வரும். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மார்ச் 18

பேசவில்லை இன்னும்.

மார்ச் 21

எக்ஸ்ரே. இன்னும் கொஞ்ச நாளாம். அந்த ‘கொஞ்ச’ எத்தனை என்று யாரும் சொல்வதில்லை.

பையனுக்கு முதலில் ஆக்சிலேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு போல்ட் நிறுத்தணும், பாதிக்கு மேல் அமுங்காதபடி. பழகப் பழகப் போல்ட்டை இறக்கலாம். செயின் இரண்டுக்கும் மூடி. கைக்கு எட்டுகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்.

மார்ச் 23

அக்கா செய்தி அனுப்பினாள். ஹெல்மெட்டோடு 80. வளைவு அதற்கு மேல் 12 சென்டிமீட்டராவது. “வளர்ற பையன்டா” என்றும் எழுதியிருக்கிறாள். அப்படியானால் 12 போதாது, 18 சென்டிமீட்டர். உயரம் கூடினால் பாரமும் மேலே போகும், கவிழும் பயமும் கூடும். சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கலாமா? தள்ளினால் ஸ்பிண்டில் கைச் சாய்வு மறுபடி மாறும். ரப்பர் வாங்கணும்.

மார்ச் 26

தம்பி சரியான ட்யூபோடு வந்தான். ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் சாய்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். ஜன்னல் வழியே வெட்டுகிற சத்தம் கேட்கிறது. 45 பாகையில் வெட்டுகிறானா?

மார்ச் 29

லேத்திலிருந்து ஜாக் ஷாஃப்ட் வந்தாச்சு. சாவிப் பள்ளம் (சக்கரம் தண்டில் வழுக்காமல் பூட்டும் கட்டைக்கான பள்ளம்) 6 மில்லிமீட்டர். ஸ்பிராக்கெட்டில் கால் அங்குலம், 6.35. தண்டுப் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்துகிறேன் என்று தம்பி கிளம்புகிறான். கையால் பள்ளம் நேராக வராது, இரு, நான் வருகிறேன் என்று கத்தினேன். ஊன்றுகோல் எங்கே வைத்தா