நீத்துப்பெட்டியோடு கோணேசரிடம்

திருக்கோணமலைக்குப் போகிறவர்கள் பையில் வேட்டி, சேலை, கற்பூரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க ஒரு துவாய் இருக்கும். என் பையில் இவற்றோடு ஒரு நீத்துப்பெட்டியும் இருந்தது. பிட்டு அவிக்கிற, பனையோலையில் இழைத்த புதுப் பெட்டி. அது நசுங்காமல் சுற்றிவர இரண்டு கிலோ சிவப்பரிசி மா, சின்னச் சட்டி ஒன்று, அகப்பை ஒன்று, டப்பா நிறையப் பயற்றம் உருண்டை.

"கோயிலுக்குப் போறியா, குடித்தனம் நடத்தப் போறியா?" என்று அம்மா கேட்டார். தங்கச்சி சிரித்தாள். நான் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்குச் சீலியாக் என்ற நோய் என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆறேழு வருடங்கள் இரத்தசோகை என்று இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியபடியே இருந்தேன். வயிறு ஊதும், களைப்பு விடாது. கடைசியில் ஒரு டொக்டர்தான் இரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் குழாய் விட்டுச் சிறுகுடலில் ஒரு துளி எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவற்படையே குடலின் உட்சுவரைத் தாக்கும். உணவை உறிஞ்சும் விரல்போன்ற மெல்லிய முளைகள் தேய்ந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது, அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. கொஞ்சம் என்றால் பரவாயில்லை என்ற கதையும் இல்லை. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளில் அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச உணவு நியமம். ஒரு பாண் துணுக்கை வைத்துக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

எங்கள் சாப்பாடு சோறுதானே, என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பிட்டுக்கு அவித்த கோதுமை மா. கடை இடியப்பம் பாதிக்கும் மேல் அதுதான். எங்கள் வீட்டுத் தோசைக்குக்கூட உழுந்தோடு கோதுமை மா கரைப்போம். மோதகத் தோல் வெடிக்காமல் இருக்க ஒரு பிடி. பயற்றம் பணியாரம் தோய்க்கிற மாவில் ஒரு பிடி. உழுந்து வடை கையில் ஒட்டாமல் இருக்க ஒரு பிடி. கேசரியில் ரவை, பாயாசத்தில் சேமியா. கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மா கலப்பார்கள். கோதுமை விளையாத தீவில் கோதுமை இல்லாமல் ஒரு பலகாரம் கிடையாது!

நீத்துப்பெட்டிக்கும் இதுதான் காரணம். ஓலை இழைகளுக்குள் மா போய் ஒட்டினால் எந்தத் தும்பாலும் எடுக்க முடியாது. வீட்டில் இருந்த பழைய பெட்டியை ஒருநாள் வெயிலில் உதறிப் பார்த்தேன். இழைக்கு இழை வெள்ளைத் தூள், எத்தனை வருடத்துக் கோதுமை மாவோ. அம்மா அதைக் கழுவி, கொதிநீர் ஊற்றி, "இனிச் சுத்தம்" என்றார். அவித்தாலும் பொரித்தாலும் குளூட்டன் போகாது என்பதை இன்றுவரை அவர் நம்பவில்லை. கிருமி போகும், இது மட்டும் போகாதா என்பது அவருடைய வாதம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு மெயிலில் ஏறினோம். கந்தளாய் தாண்டும்போது விடிந்துவிட்டது. தம்பலகாமத்து வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக விரிந்து கிடந்தன. கோணேசர் கோயிலுக்கு நெல் விளையவேண்டும் என்றுதான் குளக்கோட்டு மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்பது இந்தப் பக்கத்து மரபு. சாமிக்குப் படைக்க ஒரு குளம், ஒரு வயல்வெளி, அதற்கென்று குடிகள். அம்மா கைகூப்பிக்கொண்டார். அடுத்தது சீனக்குடா. தீவின் மிகப் பெரிய கோதுமை மா ஆலை இருப்பது அங்கேதான். கப்பலில் வருகிற கோதுமை அங்கே அரைபட்டு நாடு முழுக்கப் போகிறது. "அக்கா, உன்ர எதிரி வீடு வந்திட்டுது," என்றாள் தங்கச்சி. ரயில் பெட்டியில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

உப்புவெளிப் பக்கம் சமையலறையோடு ஒரு அறை எடுத்திருந்தோம். கடலைவிட சமையலறைதான் எனக்கு முக்கியம். முன்பு ஒருமுறை இதே ஊருக்கு வந்து, ஒரு கடையில் சிவப்பு இடியப்பம் பார்த்து ஏமாந்தேன். "அரிசிமாதானே?" என்று கேட்டேன், "ஓம், அரிசிமா" என்றார்கள். அரிசிமாவும் இருந்திருக்கும்தான். சிவப்பு நிறம் ஆட்டா மாவுக்கும் உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரமுடியாமல், கோணேசரைப் பார்க்காமலே திரும்பினேன். அதிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். அரிசிமாவா என்று கேட்பதில்லை, கோதுமை மா கலந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். வயதானவர்களிடம் அமெரிக்கன் மா என்றால் விளங்கும், சிங்களக் கடைகளில் பான் பிட்டி என்றால் விளங்கும். குளூட்டன் என்ற சொல்லால் எங்கேயும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அன்று காலையில் பிட்டு அவித்து, வாழைப்பழமும் சீனியும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். விரதத்தோடு போகவேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். வயிற்றுப் பசியோடு போய் அங்கே எதையாவது வாயில் போட்டுவிடுவேனோ என்பது என் பயம். கோணேசர் மன்னிப்பார்.

பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள். வாகனத்துக்கும் ஆளுக்கும் பயப்படாத புள்ளிமான்கள். ஒரு குடும்பம் மான் ஒன்றுக்குப் பாண் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மான் அதை ஆசையாகத் தின்றது. அதற்கும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று தங்கச்சியிடம் சொன்னேன். அர்ச்சனைத் தட்டு வாங்கும்போது பின்னால் வந்து வாழைப்பழத்தை மோந்த இன்னொரு மான்தான் எனக்குப் பிடித்தது.

சுவாமி மலை ஏற்றம் பெரிதில்லை, ஆனால் அம்மாவின் முழங்காலுக்குப் பெரிது. நின்று நின்று ஏறினோம். சம்பந்தர் குரைகடல் என்று பாடிய கடல் ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோயில். இடித்த கல்லில்தான் கோட்டை கட்டினார்கள். நாம் கோயிலுக்குப் போகும் வழியே கோயிற் கல்தான் என்று நினைத்தால் கால் கூசும். இன்று நாம் கும்பிடுவது 1963இல் குடமுழுக்குக் கண்ட கோயில். உள்ளே போனால் அந்த வருடக்கணக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. கோணேசருக்குத் தீபம் காட்டும்போது பின்னாலிருந்து கடற்காற்று வந்து சுடரைச் சாய்த்தது, குருக்கள் கையால் மறைத்துக்கொண்டார். மாதுமையாள் சந்நிதியில் அம்மா நெடுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. அனேகமாக என் குடல்.

பூசை முடிந்தது. அன்றைக்கு ஒரு உபயகாரர் குடும்பம் வந்திருந்தது. வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். சூடு ஆறாத பொங்கல், நெய்யில் பொரிந்த முந்திரி, ஏலக்காய் வாசனை. அதன் மேலே குந்தியிருந்தது ஒரு உழுந்து வடை.

பொங்கல் எனக்குச் சரி. அரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால். வடைதான் சந்தேகம். வடையை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் வடை இருந்த இடத்தில் எண்ணெய் ஊறி, பொரித்த தூள் இரண்டு மூன்று ஒட்டியிருந்தது. கையை நீட்டி வாங்கிவிட்டேன், இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. கண்ணில் ஒற்றிக்கொண்டு இலையைத் தங்கச்சியிடம் நீட்டினேன்.

அம்மா பார்த்துவிட்டார். "சாமின்ர பிரசாதம் பிள்ளை. அது ஒண்டும் செய்யாது. ஒரு வாய் வை."

இந்த ஒரு வாய்தான் மூன்று வருடமாக எனக்கும் அம்மாவுக்கும் இடையில் கிடக்கிறது. கடைக்காரரிடம் கேள்வி கேட்க எனக்கு வெட்கமில்லை. சொந்தக்காரர் வீட்டில் கேட்கப் பழகிவிட்டேன். சாமியின் முன்னால் நின்று, அவர் தந்ததில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது மட்டும் இன்னமும் நாக்கில் வருவதில்லை. நம்பிக்கை இல்லாதவள் ஆகிவிடுகிறேனோ என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. இதனாலேயே இரண்டு வருடமாகத் திருவெம்பாவைக்குக்கூடக் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டேன். எந்த விரத நூலில் இப்படி எழுதியிருக்கிறது? நானே போட்டுக்கொண்ட தடைதான்.

மடைப்பள்ளிப் பக்கம் ஒரு இளம் ஐயர் பானையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். போனேன்.

"ஐயா, ஒரு விசயம். எனக்குக் கோதுமை மா வருத்தம். துளி பட்டாலும் ஆகாது. பொங்கலில ஏதும் கலந்திருக்கோ?"

அவர் ஏளனமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். "வடை வெளியில இருந்து வந்தது அம்மா, அது எனக்குத் தெரியாது," என்றார். "இந்தப் பானைக்குள்ள அரிசியும் பயறும்தான். நான்தான் வைச்சனான்."

"பெருங்காயம்?"

"சர்க்கரைப் பொங்கலுக்கு ஆர் அம்மா பெருங்காயம் போடுறது?" சிரித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, புது இலை ஒன்றைத் துடைத்து, பானையின் அடியிலிருந்து வழித்து வைத்தார். "அடியில கொஞ்சம் பிடிச்சிட்டுது. குறை நினைக்காதேங்கோ."

அடிப்பிடித்த பொங்கலின் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மண்டபத்தூணில் சாய்ந்து, விரலில் ஒட்டியதையும் விடாமல் சாப்பிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் இலையிலிருந்து ஒரு கருகல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவைப் பார்த்தோம். தொட்டில் கட்டிய மரத்தடியில் தங்கச்சி கொஞ்சநேரம் நின்றாள். அது அவளுடைய கதை.

மத்தியானம் தம்பலகாமத்தில் பெரியம்மா முறையான ஒருவர் வீட்டில் சாப்பாடு. அதற்கு முன் ஆதிகோணநாயகரைக் கும்பிட்டோம். கோணேசர் கோயில் இடிபட்டபோது தப்பிய திருவுருவங்களை இங்கே கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார்கள் என்று சொல்வார்கள். சுற்றி வயல்தான். காற்றில் நெற்பயிர் சரசரக்கிற சத்தம் கோயிலுக்குள்ளும் கேட்கும்.

பெரியம்மாவுக்கு முதல்நாளே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். "கோதம்ப மாவோ? நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க அது வீட்டில இருந்ததே இல்லை. உரலில அரிசி இடிச்சுத்தான் எல்லாம்," என்றார். சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய், முருங்கையிலை வறை, மோர்மிளகாய், சட்டித் தயிர். எல்லாம் வீட்டுச் சமையல், எல்லாம் எனக்கு ஆகும். அப்பளம் பொரிக்கப் போனவர் சட்டென்று நின்று, "இந்த எண்ணெயில நேற்று ரோல்ஸ் பொரிச்சனான்," என்று தானே சொன்னார். எழுபத்தெட்டு வயது. பக்கம் பக்கமாக அச்சடித்து எடுத்துப்போய்க் கடைகளில் நீட்டியும் நான் விளங்கவைக்க முடியாததை, ஒரு போன் பேச்சில் பிடித்துக்கொண்டார். எனக்கென்று தாச்சியில் புது எண்ணெய் ஊற்றினார்.

பின்னேரம் கன்னியா. ஏழு கிணற்றிலும் ஆளுக்கு நாலு வாளி. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கிய ஊற்று என்பார்கள். அம்மா தன் அம்மாவை நினைத்து ஊற்றிக்கொண்டார். அங்கிருந்து ரவுனுக்கு வந்து பத்திரகாளி அம்மனுக்கு ஒரு விளக்கு. அங்கே யாரோ கௌப்பி அவித்துக் கொடுத்தார்கள். தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய், உப்பு. கேட்டேன், சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

திரும்புகிற ரயிலில் வடைக்காரர் கூடையோடு வந்தார். அம்மாவுக்குக் கடலை வடை என்றால் உயிர். பார்க்காததுபோல யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "வாங்குங்கோ அம்மா," என்றேன். இரண்டு வாங்கினார். வாங்கியவர் என் பக்கத்தில் இருந்து எழும்பி, பையை நகர்த்தி, நீத்துப்பெட்டியை எடுத்துத் தங்கச்சியின் மடியில் வைத்துவிட்டு, எதிர்ச் சீட்டின் ஓரமாகப் போய் இருந்து, கடதாசியை ஏந்திப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

"தூள் பறக்கும்," என்றார்.