நீரின் வழியே வரும் பேய்: ‘ஈரம்’ திரைப்படத்தைப் பற்றி

ஒரு பேய்ப்படம் எத்தனை தடவை நம்மைத் திடுக்கிட வைத்தது என்பதைக் கொண்டு அதன் தரத்தை அளக்கும் வழக்கத்துக்கு நான் உடன்படுவதில்லை. திடீரென்று எழும் பேரொலிக்கு எவரும் துள்ளி எழுவர். அது படைப்பின் திறமையன்று, காதின் இயல்பு. அறிவழகன் இயக்கத்தில், ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் 2009 செப்டெம்பரில் வெளிவந்த ‘ஈரம்’ அந்த வழியைப் பெரிதும் நம்பாமலே அச்சத்தை வளர்த்தெடுத்த படம். தமிழில் வந்த பேய்ப்படங்களுள் அதற்கு நிகரான கட்டுக்கோப்பு உடையவை மிகச் சிலவே என்பது என் உறுதியான எண்ணம். கதையின் முடிச்சைத் தொடாமல் அதன் சிறப்பை விளக்க இயலாது. ஆதலால் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இதனைப் படிப்பதே நல்லது.

ரம்யா என்ற இளம் மனைவி தன் வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடக்கிறாள். தற்கொலை என்று முடிவுகட்ட எல்லோரும் ஆயத்தமாக இருக்கையில், கல்லூரிக் காலத்தில் அவளைக் காதலித்தவனும் இப்போது பொலிஸ் அதிகாரியாக இருப்பவனுமான வாசுதேவன் அதனை நம்ப மறுக்கிறான். அவன் விசாரிக்க விசாரிக்க, அந்தத் தொடர்மாடியோடு தொடர்புடையவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்கின்றனர். ஒவ்வொரு மரணத்துக்கும் அருகே தண்ணீர் இருக்கிறது. சிவப்பு நிறமும் இருக்கிறது.

பேய்க்கு ஒரு விதியை வகுத்து, அந்த விதிக்குள்ளேயே கதையை நடத்தியதுதான் இப்படத்தின் முதற்பெரும் சிறப்பு. நினைத்த இடத்தில் தோன்றி நினைத்ததைச் செய்யும் பேய்க்கு நாம் அஞ்சுவது சிறிது நேரமே. எதுவும் நடக்கலாம் என்றான பிறகு எதிர்பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ‘ஈரம்’ காட்டும் ஆவியோ நீரின்றி இயங்குவதில்லை. அதனை உணர்ந்துகொண்ட பார்வையாளர், திரையில் ஒரு குழாய் சொட்டுவதையோ, துடைத்த தரையில் காயாத ஈரத்தையோ, கண்ணாடிச் சன்னலில் வழியும் மழைத்துளியையோ கண்டதும், கதைமாந்தர் அறியாத ஒன்றைத் தாம் அறிந்துவிட்ட பதற்றத்துக்கு உள்ளாகின்றனர். கோர முகத்தையும் விரித்த கூந்தலையும் காட்டிப் பயமுறுத்த வேண்டிய தேவையே எழவில்லை. நீர் இல்லாத வீடு ஏது?

ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சா இந்த எண்ணத்தை முழுவதுமாக விளங்கிக்கொண்டு உழைத்திருக்கிறார். வெயில் விழுந்து உலராத ஒரு நகரத்தையே அவர் நமக்குக் காட்டுகிறார். சாம்பலும் நீலமும் பச்சையும் கலந்த அந்த மங்கலில் ஒரு சிவப்புக் குடையோ துணியோ தென்படும்போது, வேறெந்தக் குறிப்பும் இல்லாமலே கண் அங்கே சென்று நிற்கிறது. தமனின் இசையும் கிஷோரின் படத்தொகுப்பும் அவசரப்படுவதில்லை. காதல் நாள்களில் மகிழ்ச்சியோடு பொழிந்த அதே மழை, பின்னர் வேறொரு பொருள் கொண்டு பொழிவதை நான் குறிப்பாக மெச்சுவேன். பேய்ப்படங்களில் காதற்பகுதி பெரும்பாலும் கதையிலிருந்து கழன்று நிற்கும். இங்கே அது நீருக்கு ஒரு நினைவைக் கொடுக்கிறது.

ஆயினும் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் அதன் தொழில்நுட்பமன்று. ரம்யாவைக் கொன்றவன் அவளுடைய கணவன். அவன் மனத்தில் ஐயத்தை ஊட்டியவர்களோ அயலவர்கள். அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி அவர்கள் கதைத்த கதைகள், கதவின் அடியால் கசியும் தண்ணீரைப் போல, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பரவி, கடைசியில் அவளுடைய வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கின்றன. ஆவி ஏன் நீரைத் தேர்ந்தது என்பதற்கு அவள் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள் என்பது கதை தரும் விடை. வதந்தி வந்த வழியாகவே தண்டனையும் வருகிறது என்பது நான் அதில் காணும் விடை.

கொழும்பில் வாழும் தமிழருக்கு இது தொலைவில் நடக்கும் கதையன்று. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருங்கி எழுந்து நிற்கின்றன. மேல்மாடிக் குளியலறையின் கசிவு கீழ்மாடிக் கூரையில் படர்வதும், அதுகுறித்து நிருவாகக் குழுவில் வாக்குவாதம் எழுவதும் அங்கே வழமையான செய்திகள். கணவன் வெளிநாட்டில் உழைக்க, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே தனித்து வாழும் பெண்கள் பலர் அந்த மாடிகளில் இருக்கின்றனர். அவர்களுடைய வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதைக் கவனிக்கும் கண்களுக்கும், மின்தூக்கியில் தாழ்ந்த குரலில் அதனைப் பகிரும் வாய்களுக்கும் குறைவில்லை. அக்கறை என்ற பெயரில் நடக்கும் இந்தக் கண்காணிப்பு ஓர் உயிரைக் குடிக்கும் வல்லமை உடையது என்பதை, எந்தப் பிரசங்கமும் செய்யாமல், ஒரு பேய்க்கதையைக் கொண்டு இப்படம் உணர்த்தியிருக்கிறது. இதற்காகவே அறிவழகனுக்கு நான் நன்றி உடையவன்.

கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகித் திரும்புவது நமக்குப் புதிதன்று. பழையனூர் நீலியின் கதையில், பழிவாங்க வந்தவளைக் கணவனால் கைவிடப்பட்ட அபலை என்று நம்பிய வேளாளர் எழுபதின்மர், தங்கள் உயிரையே பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகின்றனர். அவன் கொல்லப்பட்டதும் கொடுத்த வாக்கைக் காக்கத் தீயில் இறங்குகின்றனர். அங்கே ஊரார் தங்கள் தீர்ப்பு பிழைத்ததற்குத் தாமே முன்வந்து விலைகொடுத்தனர். ‘ஈரம்’ காட்டும் ஊராரோ தாம் ஒரு தீர்ப்பு வழங்கியதாகக்கூட உணரவில்லை. கதைத்துவிட்டுத் தத்தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டனர்.

படத்தில் எனக்கு நிறைவளிக்காத இடமும் உண்டு. வீண்கதை கதைத்தவருக்கும் கொலை செய்தவருக்கும் ஒரே தண்டனை என்பது நியாயமா என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டு, விடை தேடாமல் கடந்துபோகிறது. உண்மை வெளிப்பட்ட பின்னர் அதுவரை காத்த அடக்கமும் சற்றுத் தளர்ந்து, சொல்லாமலே விளங்கியவற்றைச் சொல்லி விளக்கத் தொடங்குகிறது. கணவனாக வரும் நந்தாவின் நடிப்பு அந்தப் பகுதியைப் பெருமளவு காப்பாற்றிவிடுகிறது. சிந்து மேனன் கண்ணியமும் களைப்பும் கலந்த முகத்தோடு ரம்யாவை ஏற்கெனவே நமக்கு வேண்டியவளாக்கிவிட்டதால், அவளுக்காக நாம் இறுதிவரை இருந்து பார்க்கிறோம்.

2025 பெப்ரவரியில் அறிவழகன், வாசுதேவனாக நடித்த ஆதி, தமன் ஆகியோர் மீண்டும் இணைந்து ‘சப்தம்’ படத்தைத் தந்தனர். அதில் ஆவியின் ஊடகம் ஒலி. நல்ல துணிவு. எனினும் எனக்கு ‘ஈரம்’ ஒரு படி மேலாகவே தோன்றுகிறது. ஒலி எழும் கணத்தில்தான் அது நம்மை எட்டுகிறது. நீரோ தொலைவிலிருந்து மெல்ல நகர்ந்து வருவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேலும், ‘சப்தம்’ படத்தின் நாயகன் ஆவிகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன். வாசுதேவனோ கைரேகையையும் சாட்சியையும் மட்டுமே நம்பப் பழகியவன். தன் கோப்பில் எழுத முடியாத ஒன்றை அவன் ஏற்கவேண்டி வரும் அந்தத் தயக்கத்தில் ஆதி காட்டும் அமைதியான நடிப்பு, பேயை நம்பாத பார்வையாளரையும் அவனோடு அழைத்துச் சென்றுவிடுகிறது.