ஏர்டேக்: சாவிக்கொத்திலும் பர்ஸிலும் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

சாவி, பர்ஸ் தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் ஆப்பிளின் சின்ன வட்டக் கருவிதான் ஏர்டேக். அதை வாங்கியவர்களில் பலர் பளபளக்கும் ஸ்டீல் பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் ஹோல்டருக்குள் போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஸ்டீல் தட்டு வெறும் பேட்டரி மூடி. ப்ளூடூத், அல்ட்ரா வைட்பேண்ட் (பக்கத்தில் வந்ததும் அம்புக்குறி காட்டி வழி சொல்ல உதவுவது), என்எஃப்சி (போனைத் தொட்டு வைத்தால் தகவல் தருவது) மூன்றின் ஆன்டெனாவும் வெள்ளை பிளாஸ்டிக்குக்குக் கீழேதான் இருக்கின்றன. ஸ்பீக்கரும் அங்கேதான். ஒலி வருவதற்கென்று தனியாக ஓட்டை எதுவும் கிடையாது. உள்ளே நடுவில் இருக்கும் சுருள் அந்த வெள்ளை மூடியையே அதிரவைத்துச் சத்தம் எழுப்புகிறது. ஆகவே ஹோல்டர் வாங்கும்போதும் சரி, மாட்டும்போதும் சரி, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது?

தோல், துணி, சிலிகான், மெல்லிய பிளாஸ்டிக் என்றால் சிக்னலுக்குப் பெரிய பாதிப்பில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் அமுங்கும். உலோகம் என்றால் இரண்டும் போச்சு.

ஹோல்டருக்குள் போடும் முன்பே இணைத்து முடித்துவிடுங்கள். புது டேகைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையின் நாக்கைப் பிடித்து இழுத்தால் பேட்டரி இணைந்து ஒரு சத்தம் வரும். உறை கிழிந்து துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டால் சத்தம் வராது. மூடியைத் திறந்து எடுத்துவிடலாம். ஐபோன் பக்கத்தில் வைத்து, பெயர் கொடுத்து, டேகைத் தேடித் தரும் ‘ஃபைண்ட் மை’ ஆப்பில் ஒருமுறை சத்தம் எழுப்பிக் கேட்டுவையுங்கள். அந்த ஒலி காதில் இருந்தால்தான் ஹோல்டருக்குள் போன பிறகு எவ்வளவு குறைந்தது என்று தெரியும். சீரியல் எண் பேட்டரிக்கு அடியில் அச்சாகியிருக்கும். திறக்க நேர்ந்தால் அப்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

சாவிக்கொத்து விஷயம் சுலபம். டேகில் வளையம் மாட்ட ஓட்டை கிடையாது, ஹோல்டர் இல்லாமல் முடியாது. 31.9 மி.மீ. விட்டம், 8 மி.மீ. கனம், 11 கிராம் எடை. இந்த அளவுக்குச் செய்த ஹோல்டர்கள் முக்கியமாக மூன்று வகையில் கிடைக்கின்றன. சிலிகான் வளையம் மலிவு, ஆனால் நாளாக நாளாக வாய் தளர்ந்து டேக் தானாக நழுவும். வாங்கியதும் டேகைப் போட்டு, விரலால் பின்னிருந்து தள்ளிப் பாருங்கள். லேசாகத் தள்ளியதற்கே வெளியே வந்தால் அது தேறாது. பிரஸ் பட்டன் வைத்த தோல் ஹோல்டரில் டேகை இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் வட்டமாக வெட்டுவாய் இருக்கும். டேக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் பட்டன் பூட்டினாற்போல் தெரியும், பூட்டியிருக்காது. ‘டக்’ என்ற சத்தத்தைக் கேட்டே விடவேண்டும்.

மூன்றாவது வகை திருகு வைத்த முழு மூடி ஹோல்டர், பாலிகார்பனேட்டில் வருவது. தண்ணீருக்கு நல்லது என்று விற்கிறார்கள். டேகே ஐபி67, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணிநேரம் வரை தாங்கும்படி செய்யப்பட்டது, எனவே மழைக்காக மட்டும் இதை வாங்கத் தேவையில்லை. முழுக்க அடைத்த கூட்டுக்குள் சத்தம் நன்றாகவே குறையும். திருகை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். திருகு கழலாமலிருக்க திருகுப்பசையோ நெயில் பாலிஷோ தடவுவதும் வேண்டாம். அவற்றிலுள்ள ரசாயனம் பாலிகார்பனேட்டில் விரிசல் விழவைக்கும். மாதம் ஒருமுறை திருகைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் என் வாக்கு இந்த மூன்றாவது வகைக்குத்தான். ஏர்டேகின் ஸ்டீல் மூடியை எந்தக் கருவியும் இல்லாமல் அழுத்தித் திருப்பியே திறந்துவிடலாம். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

ஹோல்டரை சாவிகள் இருக்கும் வளையத்திலேயே நேராக மாட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி மாட்டினால் சாவிகள் வெள்ளை முகத்தின்மேல் படிந்து கிடக்கும். பாக்கெட்டுக்குள் ஐந்தாறு பித்தளைச் சாவி அதன்மேல் அழுந்தினால் சத்தமும் அடங்கும், சிக்னலும் குறையும். ஒரு சின்ன வளையத்தை இடையில் இணைத்து, ஹோல்டர் தனியாகத் தொங்கும்படி விட்டால் இந்தத் தொல்லை குறையும். ஸ்டீல் பக்கம் சாவியை நோக்கியும் வெள்ளைப் பக்கம் வெளியேயும் இருக்கட்டும். ஸ்டீலில் கீறல் விழும், விழட்டும், அதனால் வேலை எதுவும் கெடாது. வண்டிச் சாவி என்றால் இடை வளையம் சிறியதாகவே இருக்கவேண்டும். நீளமாகத் தொங்கினால் ஓட்டும்போதெல்லாம் ஹேண்டிலில் மோதும். ஸ்டீல் கம்பியை வளையமாக்கித் திருகிப் பூட்டுகிற ஹோல்டர்களை வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன், அவற்றின் திருகு மூடி அதிர்விலேயே கழன்றுவிடும்.

பர்ஸ்தான் தகராறு. ஒரு ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ. என்றால், ஒரு ஏர்டேக் பத்து கார்டுக்குச் சமம். இரண்டாக மடியும் சாதாரண பர்ஸில் கார்டுகள் இருக்கும் பக்கத்திலேயே டேகையும் செருகினால் நடுவில் கட்டி விழுந்தது போல் புடைக்கும். அதைப் பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் டேகின் விளிம்பில் கார்டு வளைந்து, சிப்பைச் சுற்றி விரிசல் விழும். ஆகவே கார்டு இல்லாத எதிர்ப் பக்கத்துக்குப் போங்கள். சில்லறைப் பை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் சில்லறையை அதிலிருந்து காலி செய்துவிட வேண்டும். நாணயம் வெள்ளை முகத்தின்மேல் வந்து உட்கார்ந்தால் மறுபடி அதே உலோகப் பிரச்சினை. பர்ஸுக்கென்று கார்டு அளவில் நடுவில் வட்டம் வெட்டிய தட்டு ஹோல்டர்கள் கிடைக்கின்றன. டேக் உள்ளே நகராமல் ஒரே இடத்தில் நிற்க அவை உதவும், கனத்தைக் குறைக்காது.

திசை இங்கேயும் அதேதான். ஸ்டீல் பக்கம் கார்டுகளை நோக்கி, வெள்ளைப் பக்கம் பர்ஸின் வெளித்தோலை நோக்கி. அப்புறம் அந்த வெளித்தோல் உடம்பை நோக்கி இருக்கக்கூடாது. ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மெட்ரோ கார்டையோ பேங்க் கார்டையோ பர்ஸை விட்டு எடுக்காமல் அப்படியே தட்டுகிற பழக்கம் இருந்தால் ஸ்டீல் தட்டும் டேகின் என்எஃப்சியும் குறுக்கே வரும். கார்டை வெளியே எடுத்துத் தட்டுவது நல்லது.

ஆர்எஃப்ஐடி தடுப்பு (உள்ளே இருக்கும் கார்டை ரேடியோ அலையால் யாரும் படிக்காமல் தடுப்பது) என்று போட்டு விற்கிற பர்ஸ்களில் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் உலோகத் தாள் இருக்கும். அதன் உள்ளே டேகை வைத்து மூடிவிட்டு ஃபைண்ட் மையில் சத்தம் எழுப்பச் சொல்லுங்கள். பக்கத்திலேயே இருந்தும் இணைக்க ரொம்ப நேரம் எடுத்தால் தாள் தடுக்கிறது என்று பொருள். அந்தத் தாளுக்கு வெளியே இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். அலுமினியப் பெட்டி மாதிரியான கார்டு ஹோல்டர்களில் உள்ளே இடம் தேடாமல் வெளியிலுள்ள தோல் மடிப்பில் வைப்பதே வழி.

பர்ஸுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் ஏர்டேகைவிடக் கார்டு வடிவ டேக் வாங்குவது மேல். ஃபைண்ட் மையில் வேலை செய்கிறவை சுமார் 2.5 மி.மீ. கனத்தில், அதாவது மூன்று கார்டு அளவில் கிடைக்கின்றன. அம்புக்குறி காட்டி வழி சொல்லும் வசதி அவற்றில் கிடையாது, சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். சிலவற்றில் பேட்டரியை மாற்றவே முடியாது, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் சாவிக்கொத்தையோ பர்ஸையோ நீங்கள் வழக்கமாகப் போடும் பைக்குள்ளேயே போட்டு, பக்கத்து அறையிலிருந்து சத்தம் எழுப்பிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் ஹோல்டரைத் திருப்பிப் போடுங்கள். டேகில் ஜிபிஎஸ் கிடையாது, அக்கம்பக்கத்தில் கடந்துபோகும் ஆப்பிள் கருவிகள்தான் இடத்தைச் சொல்கின்றன. ஐபோன் அதிகம் இல்லாத ஊரில் இடம் தாமதமாகத்தான் மாறும், அது ஹோல்டரின் குற்றமில்லை. சாவி தொலைந்து, தொலைந்ததாக ஆப்பில் குறித்துவிட்டால், கண்டெடுத்தவர் என்எஃப்சி உள்ள எந்த போனையும், ஆண்ட்ராய்டையும்கூட, வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் நீங்கள் கொடுத்த எண் அவருக்குத் தெரியும். வெள்ளைப் பக்கத்தைப் பூட்டிவைத்தால் அதுவும் சிரமம். மனைவியோ கணவரோ அதே சாவியை எடுத்துப் போவார் என்றால் ஐஓஎஸ் 17-லிருந்து டேகை இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம்; பகிராவிட்டால் அவர் போனில் ‘தெரியாத டேக் பின்தொடர்கிறது’ என்று எச்சரிக்கை வரும்.

பேட்டரி சிஆர்2032, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். குறைந்தால் போன் சொல்லும். டேகை ஹோல்டரிலிருந்து எடுத்து, ஸ்டீல் மூடியை இரண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். கை வியர்த்திருந்தால் வழுக்கும், துணியால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். புது பேட்டரியின் கூட்டல் குறி மேலே பார்க்க வைத்தால் சத்தம் வரவேண்டும். வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரி மீதுதான். குழந்தைகள் விழுங்காமலிருக்கப் பூசப்படும் அந்தப் பூச்சு, முனைகள் தொடும் இடத்தில் அமைந்துவிட்டால் மின்சாரம் போகாது. பூச்சில்லாத ஒன்றை வைத்துப் பாருங்கள். மூடியின் மூன்று பற்களும் மூன்று பள்ளங்களில் உட்கார்ந்த பிறகு வலப்பக்கம் நிற்கும்வரை திருப்பி, வெள்ளைப் பக்கம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ஹோல்டருக்குள் போடுங்கள்.