எருசலேமில் கல்லறை வாசலுக்குப் போகிறவர்களுக்கு

எருசலேமில் ஆண்டவர் இயேசுவின் கல்லறைக்குப் புறப்படுகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் ஜெபக் குறிப்புகளில் ஆட்சியாளர்கள் கையெழுத்துப் போடவேண்டிய காரியங்களே அதிகம்: இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு, வராத வேலை உத்தரவு, அடுத்த தேர்தல். மனு கொடுத்துக் கால் தேய்ந்தபின்தான் கர்த்தர் நினைவுக்கு வருகிறார். பரவாயில்லை, அந்தக் குறிப்புகளோடேயே வாருங்கள்.

ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்ததை நினைத்துப் போகும் சிலுவைப்பாதையைப் பழைய நகரத்தின் சிங்க வாசல் பக்கமிருந்து தொடங்கவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் பவனி போவார்கள். அந்த நெரிசலில் நிலைகளின், அதாவது பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்கும் இடங்களின் முன் நிற்கக்கூட இடம் கிடைக்காது. நிதானமாக ஜெபித்துப் போக விரும்பினால் கடைகள் திறக்குமுன், விடியற்காலையில் நடங்கள். கடை திறந்துவிட்டால் ஒலிவமரச் சிலுவை விற்கிறவரும், வழிகாட்டுகிறேன் என்று ஒட்டிக்கொள்கிறவரும் ஒரு வசனத்தைக்கூட முழுதாகச் சொல்லவிடமாட்டார்கள். வேண்டாம் என்று ஒரே தடவை சொல்லி, நடையை நிறுத்தாமல் போங்கள். நின்றால் பேரம் தொடங்கிவிடும். பாதைக் கற்கள் தேய்ந்து வழவழவென்றிருக்கும். மழை நாளில் வழுக்காத செருப்பு கட்டாயம்.

வழியில் “இதோ, மனுஷன்” வளைவு வரும். ஆண்டவரைத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநன் பிலாத்து நின்ற இடம் என்று காட்டுவார்கள். கட்டடம் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பிலாத்துவுக்குப் பிந்தியது. அவன் பெயர் பொறித்த உண்மையான கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. பழைய அரங்கில் அதைப் படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள்! சிலுவையில் அறையவும் விடுவிக்கவும் எனக்கு அதிகாரமுண்டு என்று ஆண்டவரிடம் சொன்னவனுக்கு மிஞ்சிய மரியாதை அவ்வளவுதான். “இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை” என்று, ரோமப் பேரரசனைச் சொல்லி, அன்று கத்தினவர்கள் ரோமர் அல்ல, பிரதான ஆசாரியர்கள். அதே இராயனின் சேனைதான் 70ஆம் ஆண்டில் அவர்களுடைய தேவாலயத்தைச் சுட்டெரித்தது. இந்த வளைவுக்கடியில் நின்று யோவான் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு நடங்கள்.

கடைசி ஐந்து நிலைகளும் பரிசுத்த கல்லறை ஆலயத்தைச் சேர்ந்தவை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வாசலுக்குள் நுழைந்ததும் வலப்புறம், சிலுவை நின்ற கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் சுவரைப் பிடித்து மெதுவாக ஏறுங்கள். மேலே கிரேக்கர் பீடத்தின் அடியில் ஒரு துவாரம் உண்டு. முழங்கால்படியிட்டுக் கையை உள்ளே விட்டால் பாறை தட்டுப்படும்.

கல்லறைக்கான வரிசைதான் பொறுமையைச் சோதிக்கும். ஆராதனை ஏதாவது தொடங்கினால் வரிசை அப்படியே நின்றுவிடும். ஞாயிறு காலையில் இது சகஜம். கதவு திறந்தவுடன் போகிறவர்களுக்குக் காத்திருப்பு குறைவு. எத்தனையோ பேர் செய்யும் தவறு, குறிப்புகளைக் கல்லறைக்குள் வாசிக்கலாம் என்று வைத்திருப்பது. வாசிக்க நேரமே கிடைக்காது. நிற்கும்போதே ஒவ்வொன்றாக ஜெபித்து முடித்துவிடுங்கள். ஆட்சியாளர்களின் பெயர்களையும் விடவேண்டாம். அவர்களை நம்பக்கூடாதே தவிர, அவர்களுக்காக வேண்ட வேதம் சொல்லியிருக்கிறது. இடையில் முண்டியடித்து நுழைகிற குழுக்களோடு சண்டை வேண்டாம், ஜெபம் கெட்டுப்போகும்.

முதல் சிற்றறை தேவதூதனின் அறை. அடுத்த வாசல் மிகவும் தாழ்ந்தது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நன்றாகக் குனியவேண்டும். பாதி குனிகிறவர்களுக்குத் தலை இடிக்கும். உள்ளே மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். வலப்பக்கம், ஆண்டவரைக் கிடத்திய இடத்தை மூடிய பளிங்குப் பலகை. 2016இல் பழுதுபார்க்கையில் அதைத் தூக்கினபோது அடியில் சுண்ணாம்புப் பாறைப் படுக்கை தெரிந்தது. நெற்றியைப் பலகையில் வைத்த மறுகணமே வெளியே நிற்கும் துறவி அவசரப்படுத்துவார். அதற்குள் கண் நிறைந்துவிடும். ஏதோ கேட்க வந்தோம், ஸ்தோத்திரம் தவிர ஒன்றும் வாயில் வராது. ராஜாக்களின் கல்லறைகளில் ராஜாக்கள் கிடக்கிறார்கள். இங்கே படுக்கை வெறுமையாயிருக்கிறது! “அவர் இங்கே இல்லை, அவர் உயிர்த்தெழுந்தார்.” ஆண்டவரே, ஸ்தோத்திரம், கோடி ஸ்தோத்திரம்! வழக்கு ஜெயிக்குமோ, யார் ஆட்சிக்கு வருவார்களோ, அந்த இரண்டு கணத்தில் அது ஒன்றுமே பெரிதாகத் தெரியாது. “பிரபுக்களை நம்பாதேயுங்கள்” என்ற 146ஆம் சங்கீதத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது.

சபை அமைப்புகளைப் பெரிதாக நம்பி வருகிறவர்களுக்கும் இங்கே பாடம் உண்டு. ஆறு சபைப் பிரிவுகள் இந்த ஆலயத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. முக்கிய வாசலின் சாவியை வைத்திருப்பதும் கதவைத் திறப்பதும் இரண்டு இஸ்லாமியக் குடும்பங்கள். வாசலுக்கு மேலே ஜன்னலடியில் நிற்கும் மர ஏணியை எவரும் தம் இஷ்டத்துக்கு நகர்த்தமுடியாது, ஏனென்றால் பொது இடத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் எதையும் மாற்றக்கூடாது என்பது ஒழுங்கு. கல்லறை மேலுள்ள மண்டபம் சரியாமலிருக்க 1947இல் பிரிட்டிஷ் ஆட்சி கட்டிய இரும்புச் சட்டம், சபைகள் சேர்ந்து செப்பனிட்ட 2017 வரை அப்படியே நின்றது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டி 335இல் பிரதிஷ்டையான ஆலயத்தைக் கலீபா அல்-ஹாக்கிம் 1009இல் இடித்தார். கட்டினவரும் போனார், இடித்தவரும் போனார்.

இரவு முழுவதும் ஜெபிக்க விரும்புகிறவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். பூட்டினால் காலையில் திறக்கும்வரை வெளியே வரமுடியாது. உள்ளே படுக்க இடம் தரமாட்டார்கள், குளிரும். கம்பளி கொண்டுபோங்கள்.