இணை தேடும் நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து

வானொலியில் இணை தேடும் நிகழ்ச்சி நடத்த வேண்டும், பிறகு அதையே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது குரல் தேர்வைப் பற்றித்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு செய்தியை வாசிக்கத் தருவார்கள், லகர ழகர ளகரம் பிசகாமல் வருகிறதா என்று கேட்பார்கள், ஒரு பாட்டுக்கு முன்னுரை சொல்லச் சொல்வார்கள். அவ்வளவுதான். என்னை அலைக்கழித்தவை கடதாசிகள். என்னுடைய கடதாசிகளை விட, நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் கடதாசிகள். இதை எனக்கு முன்கூட்டியே சொல்ல யாரும் இருக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிவாகிவிட்டீர்கள், ஆவணங்களோடு கொழும்புக்கு வாருங்கள் என்று கோல் வந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பொலிஸ் அறிக்கை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் என்று பட்டியல் படித்தார்கள். எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு இரவு ரயில் ஏறினேன். விடியக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு நேரே வானொலி நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கடைசிக் கடதாசியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“தங்கச்சி, இதில பிரதேச செயலாளரிண்ட மேலொப்பம் இல்லை. இது செல்லாது.”

“பட்டியல் சொன்னவர் அதைச் சொல்லவில்லையே ஐயா.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே.”

அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. மற்றக் கடதாசிகளையாவது பாரம் எடுங்கள் என்று கேட்டேன், முழுதாக இருந்தால்தான் எடுப்போம் என்றார். வந்த வழியே அன்றிரவே திரும்பினேன். ஆகவே விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், கையெழுத்து வைத்ததும் வீட்டுக்குப் போகாதீர்கள், நேரே பிரதேச செயலகத்துக்குப் போய் மேலொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வானொலியில் பெரிய சிக்கல் வரவில்லை. இரவு நேர நிகழ்ச்சி. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கோல் எடுத்தார்கள், கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெடியன்கள் எடுத்தார்கள். பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எதுவும் காற்றில் போகாது. ஆளுக்கொரு எண் கொடுப்போம், விருப்பமென்றால் நிகழ்ச்சி முடிந்த பிறகு இரு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் இணைப்போம். சீதனக் கதை வந்தால் அழைப்பைத் துண்டிப்பேன் என்று முதல் நாளே அறிவித்தேன். ‘வீடும் காணியும் இருக்கோ’ என்று ஒருவர் தொடங்கியபோது துண்டித்தும் விட்டேன். நிலையத்துக்குக் கோபம்தான், ஆனால் அடுத்த கிழமை பெண்களின் அழைப்புகள் கூடின. அதற்குப் பிறகு யாரும் என்னை அதில் மறிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்தவர்கள். உச்சரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் மட்டும் இங்கே உதவாது. தனக்குத் துணை வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல வருகிறவருக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த மௌனத்தைப் பாட்டுப் போட்டு நிரப்பாதீர்கள்.

தொலைக்காட்சிக்குப் போனபோதுதான் எல்லாம் குழம்பியது. வானொலியில் வந்தவர்கள் முகம் தெரியாது என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். தயாரிப்பாளருக்கு முகம் வேண்டும். நடுவில் ஒரு மறைப்பு வைப்போம், பெண் கேள்வி கேட்கட்டும், மறைப்புக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள் பதில் சொல்லட்டும் என்றார். இது அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ‘த டேட்டிங் கேம்’ நிகழ்ச்சியின் முறை. அதை நடத்திய ஜிம் லாங்கும் எங்களைப் போல வானொலியிலிருந்து வந்தவர்தான். தொலைக்காட்சியில் பெயர் வாங்கிய பிறகும் சான் பிரான்சிஸ்கோவில் வானொலி வேலையை விடாமல் செய்தவர். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விசயம் என்னைத் தூங்க விடவில்லை. 1978இல் அவருடைய மேடைக்குப் போட்டியாளராக வந்தவர்களில் ஒருவன் ரொட்னி அல்கலா. அதற்கு முன்னரே ஒரு சிறுமியைத் தாக்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்தான், அவன் செய்த கொலைகள் பிறகுதான் வெளியே வந்தன. நிகழ்ச்சியில் பெண் அவனைத்தான் தெரிவு செய்தாள். பிறகு ஏதோ சரியில்லை என்று அவளுக்கே பட்டு, அவனோடு வெளியே போக மறுத்துவிட்டாள். அவனுடைய பழைய தண்டனையை யாராவது பார்த்திருந்தால் அந்தக் கதிரையில் அவன் இருந்திருக்கவே மாட்டான்.

அதனால் வருகிற ஒவ்வொருவரும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் தர வேண்டும் என்று கேட்டேன். கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் விவாக நிலை என்று ஒரு வரி இருக்கிறது, எனக்கு அந்த வரிதான் முக்கியம். “இதென்ன அக்கா, அரசாங்க வேலைக்கா ஆள் எடுக்கிறோம்?” என்றார்கள். சத்தியக்கடதாசி போதும் என்று முடிவாயிற்று. சமாதான நீதவான் முன்னிலையில் எழுதினாலும் அதில் இருப்பது அந்த ஆள் தானே சொல்கிற சொல்தான். அந்தச் சொல் உண்மையா என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

நான் பயந்தது நடந்தது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர், திருமணமாகவில்லை என்று சத்தியக்கடதாசி தந்திருந்தார். கிராம உத்தியோகத்தர் சான்றிதழை நான் தனியாகக் கேட்டேன். முதலில் அலுவலர் லீவு என்றார், பிறகு தொலைபேசியே வேலை செய்யவில்லை. அவர் வராமல் நான் பதிவுக்கு உட்கார மாட்டேன், வந்தாலும் கடதாசி இல்லாமல் உட்கார மாட்டேன் என்று நின்றேன். பதிவு நின்றது, கலையக வாடகை நட்டம் என் தலையில் விழுந்தது. ஆனால் அதற்குள் முன்னோட்டம் போய்விட்டது. நேர்காணலுக்கு எடுத்த துண்டுகளை வெட்டி ஒட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் நிலையத்துக்குக் கோல் எடுத்தார். அவர் அந்த ஆளின் மனைவி.

அந்த முன்னோட்டத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் முகமும் இருந்தது. என் குரலை நம்பித்தான் வந்தவள். சொந்தக்காரர்கள் கைபேசியில் அதைச் சுற்றவிட்டார்கள், அவள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். எடுத்துவிடுங்கள் என்று நிலையத்தைக் கேட்டேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறாரே என்று காட்டினார்கள். படிவம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அவளுக்கு அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை. முன்னோட்டம், மறுஒளிபரப்பு, இணையம் எல்லாம் ஒரே கையெழுத்துக்குள் அடங்கியிருந்தன. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

யூடியூபுக்கு நானே முறையிட்டேன், பயனில்லை. தனியுரிமை முறைப்பாட்டைப் பொதுவாகப் பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும், வேறொருவர் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். இதற்குள் நாட்கள் வீணாகிவிட்டன. பிறகு உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சினேகிதியின் வீட்டில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து, அவளுடைய கணக்கிலிருந்தே முறைப்பாட்டைப் போட்டோம். முகம் எந்த நிமிடம் எந்த விநாடியில் வருகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும், அதைக் கவனமாகச் செய்யுங்கள். ஏற்றியவருக்கு 48 மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் யூடியூப் பார்க்கும். கடைசியில் நிலையமே எடுத்துவிட்டது. எடுத்துவிட்டோம் என்று தகவல் வந்தபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகநூலில் பிரதி எடுத்துப் போட்டவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. சிலர் எடுத்தார்கள், சிலர் ஏசினார்கள்.

அதற்குப் பிறகு, படிவத்தை மாற்றாவிட்டால் நடத்த மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது என்று பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்தேன். இழுபறிப்பட்டுத்தான் இறங்கி வந்தார்கள். இப்போது படிவம் தமிழிலும் இருக்கிறது. ஒளிபரப்பு, மறுஒளிபரப்பு, முன்னோட்டம், இணையம் என்று நாலுக்கும் தனித்தனிக் கட்டம், தனித்தனிக் கையெழுத்து. ஒளிபரப்புக்கு முன் விலகலாம் என்ற வரியும் இருக்கிறது. ஆண், பெண் யாராக இருந்தாலும் மேலொப்பத்தோடு கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் தர வேண்டும்.

நீங்கள் வேறு எந்த நிலையத்தில் சேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் பங்கேற்பவர்களின் படிவத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் காட்ட மாட்டார்கள். விவாக நிலை வரி வெறுமையாக இருக்கும் சான்றிதழை ஏற்காதீர்கள், நிரப்பிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பதிவு நாளைக்கு என்று அவசரப்படுத்தினாலும் அனுப்புங்கள்.